எதிர்வீட்டு எஃப்

டங்!

ஆன்செல் மறுபடியும் ஸ்பேனரால் பழைய லாரியின் பிரேக் டிரம்மில் அடித்தான். எங்கள் வரிசை மொத்தமும் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. தவறியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"தப்பு," என்றான் என் கணவன். "மறுபடி."

மறுபடி வாசித்தோம். அந்த ஓட்டம் வந்தது. யாரோ மரப்படிகளில் தடதடவென்று இறங்கி வருவது போலச் சுரங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும் இடம். பாதிப் படியில் என் வலது குச்சி எதையோ தட்டியது. புளித்துப்போன பால் மாதிரி ஒரு சத்தம்.

டங்!

"இஸ்மே. தப்பு."

"எது தப்பு?"

"வாசிச்சது தப்பு."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு எழுந்தது. ஜனவரி பிறந்துவிட்டால், எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிச் செய்யும் பான் என்ற வாத்தியத்தை நாங்கள் பழகும் சில்வர் ஹில் முற்றத்தின் வேலியில் இடம் கிடைக்காது. பியர் பாட்டிலும் கையுமாகச் சாய்ந்து நின்று தீர்ப்புச் சொல்ல ஊர் முழுக்க நீதிபதிகள். அதில் பாதிப் பேர் வாழ்நாளில் குச்சியைத் தொட்டதில்லை.

"ஆன்செல், வீட்டுச் சண்டைய வீட்டுலயே முடிச்சிட்டு வாய்யா!"

"இஸ்மே, நேத்து சமையல்ல உப்புப் போட மறந்துட்டியா?"

என் பக்கத்தில் வாசிக்கும் ஷெர்மா, உதடு அசையாமல் சொன்னாள்: "விடுடி. நாளைக்கு நிறையவே போடு. ரெண்டு கைப்பிடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. கண் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர் பெயரைக் கூப்பிடுகிறவள். கல்யாணமான நாள் முதல் ஒவ்வொரு வருடமும் அந்த வேலிக்கு வெளியே, ஆன்செலின் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நின்றவள். இந்த வருடம்தான், கிறிஸ்துமஸ் மறுநாள், மிச்சமிருந்த ஹாமை நறுக்கிக்கொண்டே சொன்னேன்: "இந்த வருஷம் நான் வேலிக்கு உள்ள வரப்போறேன்."

ஆன்செல் கத்தியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வா," என்றான். அன்று மாலையே எனக்கு ஒரு ஜோடிக் குச்சி சீவி, முனையில் ரப்பர் சுற்றிக் கொடுத்தான்.

அவன்தான் எங்கள் வரிசைக்குச் சொல்லிக்கொடுப்பவன். எங்கள் முற்றத்தில் சுரம் எழுதிய காகிதம் கிடையாது. பாட்டை அமைப்பவர் ஒரு துண்டைச் சொல்வார். ஆன்செல் கையைப் பார்த்துப் பிடித்துக்கொள்வான். எங்களுக்கு அவன் கையிலிருந்து வரும். கைதான் புத்தகம். நல்ல கை அவனுடையது. வாய்தான் சரியில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் குச்சியால் விரலிலேயே போடுவாராம். நான் அடிப்பதில்லையே, டிரம்மைத்தானே அடிக்கிறேன் என்பது அவன் நியாயம். அதிலும் நான் மனைவியாகிவிட்டேன். யாரும் சலுகை என்று சொல்லிவிடக் கூடாதே என்று எனக்கு மட்டும் இரண்டு மடங்கு 'தப்பு'.

எங்கள் வரிசையில் அவனைத் தவிரப் பதினான்கு பேர். மேடையில் அவனோடு நிற்கப் பத்துப் பேருக்குத்தான் இடம். திருவிழாப் பான் போட்டியின் அரையிறுதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கேப்டன் கெஸ்டன் ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்கச் சொல்வார். தேறியவருக்கு மஞ்சள் ஜெர்சி. தேறாதவருக்குச் சாம்பல் ஜெர்சி: அதைப் போட்டுக்கொண்டு, மஞ்சள்காரர்கள் நிற்கும் சக்கர வண்டியை மேடைக்குத் தள்ளிவிட்டு இறங்கிவிட வேண்டும். தள்ளுவதும் மரியாதையான வேலைதான். ஆனால் எனக்குத் தள்ள வேண்டாம். எனக்கு மஞ்சள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை, வாணலியில் பேக் என்கிற தடித்த மாவு ரொட்டி பொரிந்துகொண்டிருந்தது. ஆன்செல் உப்புக்கருவாட்டை உதிர்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"கெஸ்டன் கேட்டான். உன்னைத் தள்ளுற கூட்டத்துல போட்டுரலாமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கலாம்னு சொன்னேன்."

"பாத்து? 'தப்பு, தப்பு'ன்னு இன்னும் எட்டு நாள் சொல்லப்போறியா?"

"தப்பாத்தானே வாசிக்கிற, டூடூ. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"கொஞ்சுற டூடூவும் வேண்டாம் கீடூவும் வேண்டாம்." பேக்கைத் திருப்பிப் போட்ட வேகத்தில் எண்ணெய் தெறித்தது. "நீ ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் போறியே, அங்க போய் என்ன பண்ணுவ? ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னுகிட்டு 'தப்பு, மறுபடி ஓடு'ன்னு கத்துவியா? இல்ல ஸ்பேனரால அதோட மண்டையில போடுவியா?"

அவன் பேக்கை எடுத்துக்கொண்டு, கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, மலையடிவாரக் கடையில் ஏதோ ஐஸ் பெட்டி பழுது என்று கிளம்பிவிட்டான். கதவைச் சாத்திய விதத்திலேயே அவனுக்குக் கோபம் என்று தெரிந்தது.

நானும் கோபமாகத்தான் இருந்தேன். கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பாத்திரம் கழுவினேன். எனாமல் தொட்டியைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு மரக்கரண்டியை எடுத்து அதன் முதுகிலேயே அந்த ஓட்டத்தைத் தட்டினேன். சுரம் வாயில், கை தொட்டியில். தொட்டிக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். அங்கே யாரும் தப்புச் சொல்ல முடியாது. அது நிம்மதியாக இருந்தது. வாயால் பாடிக்கொண்டு கண்ணை மூடித் தட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது ஆன்செல் வாசலில் நின்றான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"நிறுத்தாத," என்றான்.

"எதுக்கு, தப்புன்னு சொல்லவா?"

"இல்ல. இன்னொரு தடவை வாசி. பாக்கணும்."

"கேக்கணும்னு சொல்லு."

"இல்ல. பாக்கணும்."

வாசித்தேன். அவன் நெருங்கி வந்து, குனிந்து, கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு என் கரண்டிகளையே பார்த்தான். ஐஸ் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் இப்படித்தான் குனிந்து பார்ப்பான். இருபது வருடத்தில் என்னை ஒரு தடவையும் அப்படிப் பார்த்ததில்லை என்று தோன்றியது. கோபத்தின் நடுவிலும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"இன்னொரு தடவை. மெதுவா."

மெதுவாக.

"அங்க என்ன இருக்கு?" என்று தொட்டியின் தூர விளிம்பைக் காட்டினான்.

"எங்க? அது தொட்டிதானே?"

"எஃப் சுரம் வரும்போதெல்லாம் உன் வலது கை அங்கதான் போகுது. ஒரு தடவை கூட மாறல. இஸ்மே, நான் எத்தனை பேருக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன். தெரியாம தப்புப் பண்றவங்க கை இன்னிக்கு ஒரு இடம், நாளைக்கு ஒரு இடம்னு அலையும். உன் கை அலையல. அதுக்கு ஒரு விலாசம் தெரியுது. யார் குடுத்த விலாசம்?"

நான் கரண்டிகளைக் கீழே வைத்தேன்.

என் அப்பா வீடு மொருகா என்ற கடலோர ஊரில், கட்டைக் கால்கள் மேல் நின்ற பலகை வீடு. அப்பா எண்ணெய்ப் பீப்பாயைத் தன் கையாலேயே வெட்டி, குழித்து, சுருதி சேர்த்துப் பான் செய்வார். ஊரில் வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெண் பிள்ளைகள் பானைத் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். பான் அடிக்கிற பெண்ணை யார் கட்டுவான் என்பார். அவர் மீன் பிடிக்கப் படகில் போன பிறகு வீட்டுக்கு அடியில் நுழைந்து, வெறும் விரல் நுனியால், சத்தம் மேலே கேட்காமல் வாசிப்பேன். ஏழு வயதில் ஆரம்பித்தது. பத்து வயதில் பிடிபட்டேன். அதோடு சரி. எல்லாம் மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றான் ஆன்செல்.

"நீ எப்பக் கேட்ட?"

அவன் மேசையில் மிச்சமிருந்த மாவை உள்ளங்கையால் பரப்பினான். "வரைஞ்சு காட்டு. உங்க அப்பா பான்ல எது எது எங்க இருந்துச்சு?"

"எனக்கு ஞாபகம் இல்ல."

"உனக்கு இல்ல. உன் விரலைக் கேளு."

விரலைக் கேட்டேன். மாவில் ஒரு வட்டம் வந்தது. உள்ளே சின்னச் சின்னத் தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. அடியில், வயிற்றுக்கு நேரே, சி சுரம். அதற்கு நேர் எதிரே, தூர விளிம்பில், எஃப்.

ஆன்செல் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"எங்க பான்ல சி சுரத்துக்குப் பக்கத்து வீடு எஃப். எதிர்வீட்டுல இருக்கிறது எஃப் ஷார்ப். அரைச் சுரம் தள்ளி! அதான் அந்தப் புளிப்பு. உங்க அப்பா என்ன மனுஷன்யா, தன் இஷ்டத்துக்கு ஊரையே மாத்திக் கட்டியிருக்காரு!"

"எங்க அப்பாவைச் சொல்லாத."

"சொல்லல, டூடூ. சத்தியமா சொல்லல." சிரிப்பு நின்றது. மாவு படிந்த கையால் என் கையைப் பிடித்தான். "உன் கை தப்புப் பண்ணல. அது அப்பா வீட்டுக்குப் போகுது. அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. 'தப்பு' என்ற சொல்லுக்கு வராத அழுகை.

அன்று மாலையே வீட்டு முன்னறையில் அவனுடைய பழைய பான் ஒன்றை நிறுத்தினான். முழு ஓட்டத்தையும் வாசிக்க விடவில்லை. சி. எஃப். சி. எஃப். இரண்டே சுரம்.

"முதல்ல நல்லா இருந்ததைச் சொல்றேன்," என்று தொண்டையைச் செருமிக்கொண்டான். அவனுக்கு அது வழக்கமில்லை. சர்ச்சில் முதல் தடவை எழுந்து சாட்சி சொல்கிறவன் மாதிரி இருந்தான். "உன் தாளம் கடிகாரம். குச்சியைப் பிடிக்கிற விதம், எங்க கூட்டத்துலயே உன்னோடதுதான் அழகு. அதுல கை வைக்காத. மாத்த வேண்டியது ஒண்ணே ஒண்ணு. சியிலருந்து கிளம்பும்போது உன் முழங்கை முன்னாடி நீளுது. நீள விடாத. மணிக்கட்டை மட்டும் திருப்பு. பக்கத்து வீட்டுல சர்க்கரை கேக்கப் போற மாதிரி."

பக்கத்து வீட்டுக்குப் போனேன். எஃப் சுத்தமாக, உருண்டையாக ஒலித்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று அவனைக் கேட்டேன்.

"உனக்கு எப்படி இருந்துச்சு?"

"இனிப்பா இருந்துச்சு."

"அப்ப இன்னும் கொஞ்சம் சர்க்கரை வாங்கிட்டு வா."

திங்கட்கிழமை முற்றத்துக்குப் போனபோது ஆன்செலின் கையில் ஸ்பேனர் இல்லை. வேலி உடனே கவனித்துவிட்டது.

"என்ன ஆன்செல், பொண்டாட்டி ஸ்பேனரைப் பிடுங்கிட்டாளா?"

"ஆமா," என்றான் ஆன்செல் திரும்பாமல். "உங்க மேல வீசறதுக்கு வச்சிருக்கா."

பிறகு ஷெர்மாவிடம் வந்தான். "ஷெர்மா, கடைசி உருட்டல் பட்டு மாதிரி இருந்தது. அதுக்கு முன்னாடி எங்கயோ ஓடுற. எங்கன்னு தெரியுதா?"

ஷெர்மா குச்சியை இறக்கிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு உடம்பு சரியில்லையா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லேன்."

"... ஓட்டம் வருதுன்னு பயம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடிருவேன்."

"அப்ப அதுக்கு முந்தின சுரத்துல மூச்சை விடு. அது ஒண்ணு போதும். வேற எதையும் மாத்தாத."

மூச்சை விட்டாள். ஓட்டம் நின்று நிதானமாக இறங்கியது. அவளே திடுக்கிட்டுப் போனாள். "அடப்பாவி, மூணு வருஷமா இதை வயித்துக்குள்ளயே வச்சிருந்தியா?"

கோடியில் நிற்கும் தபால்காரர் பாப்டிஸ்ட், யாருக்கும் கேட்காமல் வாசிப்பவர். 'சத்தமா!' என்று ஆன்செல் எத்தனையோ மாதம் கத்தியிருக்கிறான். அன்று அவர் பக்கத்தில் போய் நின்று, "உங்க சுரம் ஒண்ணு கூடத் தவறல. எனக்கே இப்பத்தான் கேட்டுச்சு. ஊருக்கும் கேக்கட்டுமே," என்றான். அடுத்த சுற்றில் அவர் பான் மணி போல எழுந்தது. வேலியில் ஒருவன் பியரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "யாரது?" என்றான்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வரிசை துலக்கி வைத்த பித்தளை போல மின்னிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெயில் தகரக் கூரையைச் சுட்டது. கேப்டன் கெஸ்டன் முற்றத்தின் நடுவில் ஒரு அட்டைப் பெட்டியோடு நின்றார். மேலே மஞ்சள், கீழே சாம்பல். கெஸ்டன் அதிகம் பேசமாட்டார். வாசிக்க வேண்டும், அவர் பெட்டிக்குள் கையை விடுவார், வருகிற நிறம்தான் தீர்ப்பு.

ஷெர்மாவுக்கு மஞ்சள். கூச்சலிட்டுக்கொண்டே முற்றத்தை ஒரு சுற்று ஓடினாள். பாப்டிஸ்டுக்கு மஞ்சள். அவர் அதை முகத்தில் ஒற்றிக்கொண்டார். இருவருக்குச் சாம்பல். மஞ்சள் குறைந்துகொண்டே வந்தது. என் முறை வந்தபோது மிச்சம் ஒரே ஒரு மஞ்சள், எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"இஸ்மே," என்றார் கெஸ்டன். "ஓட்டம். தனியா."

நான் ஆரம்பித்தேன். முதல் படிகள் சரியாக இறங்கின. சி வந்தது. அந்தக் கணத்தில் வேலியில் யாரோ இருமினார்கள். என் முழங்கை நீண்டது.

புளிப்பு.

வேலியே 'ஸ்ஸ்' என்றது. எல்லோருடைய கண்ணும் ஆன்செல் மேல் போயிற்று, ஸ்பேனர் இல்லாத அவன் கைகள் மேல். கெஸ்டனின் கை பெட்டிக்குள், அடியை நோக்கி இறங்கியது.

"கேப்டன், ஒரு நிமிஷம்," என்றான் ஆன்செல்.

"ஆன்செல், இது பரீட்சை. பாடம் இல்ல."

"அவ என் மாணவி. ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கறேன்."

"உன் பொண்டாட்டின்னு சொல்லு!" என்றது வேலி.

"அது வீட்டுல!" என்றாள் ஷெர்மா வேலியைப் பார்த்து. "வாயை மூடிக்கிட்டு பியரைக் குடிங்க!"

கெஸ்டனின் கை பெட்டிக்குள்ளேயே நின்றது. "கேளு."

ஆன்செல் என் பானுக்கு எதிரே வந்து நின்றான். குரலை உயர்த்தவில்லை. "இஸ்மே, சி வரைக்கும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அப்புறம் என்ன ஆச்சு? நீ சொல்லு."

பதில் எனக்குத் தெரியும். அதுதான் ஆச்சரியம். ஒரு வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் எனக்கு எதுவும் தெரியாது.

"எஃப். எதிர்வீட்டுக்குப் போயிட்டேன்."

"ஏன்?"

"முழங்கை நீண்டுச்சு."

"எங்க போகணும்?"

"பக்கத்து வீட்டுக்கு."

"அப்ப போயிட்டு வா," என்றான், புருவத்தை மட்டும் லேசாக உயர்த்தி. முன்னறையில் சர்க்கரை கேட்டபோது இருந்த அதே முகம்.

மூச்சை விட்டேன். முழங்கையை இடுப்போடு சேர்த்தேன். ஆரம்பித்தேன். படிகள் இறங்கின. சி வந்தது. மணிக்கட்டு திரும்பியது. எஃப் உருண்டு வந்து தன் வீட்டு வாசலில் நின்றது. அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. கடைசிப் படியில் குச்சிகள் இரண்டும் சேர்ந்து நின்றபோது முற்றத்தில் அந்தச் சுரம் மட்டும் இருந்தது.

கெஸ்டனின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இது பயிற்சி வேகம். மேடை வேகத்துல வாசி."

"மேடை வேகமா?" என்றான் ஆன்செல்.

"நான் அவளைத்தான் கேட்டேன்."

என் வாயிலிருந்து வந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. "எத்தனை தடவை வேணும், கேப்டன்?"

வேலி ஊளையிட்டது. நான் அதற்குக் காத்திருக்கவில்லை. மேடை வேகத்தில் அடித்தேன். முடித்த சூட்டோடு, யாரும் கேட்காமலே, இன்னொரு தடவையும் அடித்தேன். இரண்டாவது தடவை எஃப் வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தித் தட்டினேன். ஊருக்கும் கேட்கட்டுமே.

மஞ்சள் துணி ஒன்று காற்றில் பறந்து வந்து என் பான் மேல் விழுந்தது.

அப்புறம் நடந்தது எனக்குக் குழப்பமாகத்தான் நினைவிருக்கிறது. ஷெர்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பாப்டிஸ்ட் தொப்பியைக் கழற்றினார். வேலி நீதிபதிகள் தகரத்தைத் தட்டிக்கொண்டே, தாங்கள் முதல் நாளிலேயே இதைச் சொன்னதாக ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லிக்கொண்டார்கள். கெஸ்டன் ஆன்செலிடம், "அடுத்த வருஷம் எல்லா வரிசைக்கும் நீயே வந்து இப்படிக் கேள்வி கேளு," என்றார். அவர் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சவானா மைதானம். பிற்பகல் வெயிலில் மஞ்சள் ஜெர்சிகள் எரிந்தன. சாம்பல்காரர்கள் எங்களை மேடைக்குத் தள்ளினார்கள். பரீட்சையில் தவறியவர்களில் இரண்டு பேர் என் வண்டியைத்தான் தள்ளினார்கள். "விட்டுராத இஸ்மே, எங்களுக்கும் சேர்த்து அடி!" என்று கத்திவிட்டு இறங்கினார்கள். அந்தக் கூட்டத்தையும் அந்த இரைச்சலையும் இருபது வருடம் வெளியிலிருந்து பார்த்தவள் நான். உள்ளிருந்து பார்த்தால் அது வேறு கடல்.

ஓட்டம் வந்தது. பத்துப் பேரும் ஒரே ஆளாக இறங்கினோம். எஃப் என் பக்கத்து வீட்டில் விளக்கேற்றிக்கொண்டு காத்திருந்தது. மைதானம் எழுந்து நின்றது. அப்பாவின் பலகை வீட்டுக்கு அடியில், விரல் நுனியால் வாசித்த அந்தப் பெண்ணுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும்.

கடைசிச் சுரம் முடிந்து வண்டி இறங்கியதும் ஆன்செல் வியர்வை சொட்ட ஓடி வந்தான். "எப்படி இருந்துச்சு? சொல்லு, நான் எப்படி வாசிச்சேன்?"

"முதல்ல நல்லா இருந்ததைச் சொல்றேன்," என்றேன்.

"ஐயோ."

"உன் தாளம் கடிகாரம். உருட்டல் பட்டு. மாத்த வேண்டியது ஒண்ணே ஒண்ணு."

"என்ன?"

"ரெண்டாம் பகுதியில என்னையே பாத்துக்கிட்டு இருந்த. உன் பானைப் பாரு."

"அதை மாத்த முடியாது, டூடூ," என்றான் ஆன்செல். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. இறுதிப் போட்டிக்குப் போகும் குழுக்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். முதல் பெயரே எங்களுடையதாக இருந்தது.